காய்ந்தால் தெரியும் கறை

“சிஸ்டர்... இங்க வாங்க... சீக்கிரம் வாங்க...”

பின்பக்கத்துக் குளியலறையிலிருந்து வந்த அந்த அலறலில், ஹாலில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் காப்பியைச் சிந்திக்கொண்டார்கள்.

அலறியவன் ரெப். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பாதி வாழ்க்கை டூரில், மீதி வாழ்க்கை டூர் அலுப்பில். தெருவுக்கெல்லாம் அவன் ‘ரெப்’. கட்டிக்கொண்டவளுக்கு மட்டும் ‘என்னங்க’.

அந்தக் கட்டிக்கொண்டவள்தான் முதலில் ஓடினாள். இது அவளுடைய அண்ணன் வீடு.

அவளுக்குப் பின்னால் அண்ணி. பள்ளிக்கூட டீச்சர்.

குளியலறை வாசலில் இருவரும் அப்படியே நின்றார்கள்.

உள்ளே...

ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தார் ஃபோட்டோகிராஃபர் அண்ணன். கண்கள் திறந்திருந்தன. குழாய்க்குக் கீழே இருந்த சிமெண்ட் விளிம்பில் ரத்தம். தலைக்கு மேலே ஒரு கயிறு. கயிற்றில் க்ளிப் போட்டு மாட்டிய நீளமான கேமரா ஃபிலிம்.

அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்... சொட்...

நேராக அவர் நெற்றியில்!

“என்னங்க...” என்றாள் டீச்சர். புருஷனைக் கூப்பிட்ட குரல் அது. பதில் வராது என்று தெரிந்தும் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

ரெப் அவளைத் தாங்கிப் பிடித்தான்.

“கூப்பிட வந்தேன் சிஸ்டர். தட்டினேன், சத்தமே இல்ல. திறந்தா... மச்சான் இப்படி...”

*

இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு ரிடையர் ஆகும் வயது. சிரிக்காமலே ஜோக் அடிப்பாள். அடித்துவிட்டு எதிரில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்ப்பாள். சிரித்தால் சந்தேகப்படுவாள்.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“மதியத்துல இருந்து சாயங்காலத்துக்குள்ள எப்ப வேணா போயிருக்கலாமாம் மேடம்,” என்றார் ஏட்டு. “ஜன்னல் இல்லாத ரூம். உள்ள அனலா இருந்திருக்கு. உடம்பை வெச்சு இதுக்கு மேல சொல்ல முடியாதாம்.”

“உடம்பு சொல்லலைன்னா ஃபிலிம் சொல்லுது.”

இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பார்த்தாள். சொட்டுவதை ஏட்டு ஏற்கெனவே ஃபோனில் வீடியோ எடுத்திருந்தார்.

“ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டா எவ்வளவு நேரம் இப்படிச் சொட்டும்?”

பதில் சொன்னது ரெப்தான்.

“கொஞ்ச நேரம்தான் மேடம். மச்சான் இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா விடமாட்டார். சாப்பிட உட்கார்ந்தாக்கூட ஃபிலிம் காயறதைப் பத்திதான்.”

“ஆக, நீங்க எல்லாரும் காப்பி குடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவரு நின்னு, நிதானமா, இதைக் கழுவி மாட்டியிருக்கார்.”

சொல்லிவிட்டு மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“அப்ப வீட்டுல யாரு?”

“நான்தான்,” என்றாள் டீச்சர். “ஸ்கூல் விட்டு வந்தேன். வர்ற வழியில பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து பால் ஆத்திக் கொடுத்தேன். அடுப்புல டிகாக்‌ஷன் வெச்சப்பதான் இவங்க ரெண்டு பேரும் வந்தாங்க.”

“புருஷன் எங்கன்னு பார்க்கலையா?”

“கதவு சாத்தியிருந்தது.”

“தட்டலாமே?”

“தட்டக் கூடாது மேடம். இந்த வீட்டுல அது சட்டம். உள்ள ஃபிலிம் காயுதுன்னா கதவைத் திறக்கக் கூடாது. தூசி பறந்து வந்து ஒட்டிக்கும். ஒருதடவை தெரியாம துண்டு எடுக்கத் திறந்துட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தார்.”

“ஆனா இவரு திறந்தார்.”

“நான் மாப்பிள்ளை மேடம்,” என்றான் ரெப், தலையைக் குனிந்து. “எனக்குச் சட்டம் கொஞ்சம் தளர்வு.”

இன்ஸ்பெக்டர் டீச்சரின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் நீங்க போட்ட சத்தம் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்கு. ‘ஒருநாள் இல்ல ஒருநாள் உங்களையும் இந்தக் கயித்துல மாட்டிக் காயப்போடறேனா இல்லையா பாருங்க.’ சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“ஏன்?”

“குளிக்கப் போனா பக்கெட் பூரா பாட்டில். சோப்பு வைக்கற இடத்துல தெர்மாமீட்டர். எந்தப் பொண்டாட்டி சொல்லமாட்டா?”

“எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். என் வீட்டுக்காரர் இன்னும் கல்லு மாதிரி இருக்கார்.”

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டாள்.

“கிளம்புங்கம்மா.”

கதவோரம் நின்றிருந்த பாப்பா, பால் மீசையோடு கேட்டாள்.

“அம்மா, எங்க போற? நானும் வரேன்.”

டீச்சர் திரும்பினாள். பாப்பாவின் பால் மீசையைத் துடைத்துவிட்டாள். நாத்தனாரிடம்தான் பேசினாள்.

“இவளுக்கு வெறும் சாதம் இறங்காது. தயிர் ஊத்திக் குழைச்சுக் கொடு. தூங்கறப்ப விளக்கை அணைச்சுடாத... பயப்படுவா.”

“அண்ணி...”

“நீயாவது நம்பறியா?”

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களை வெளியில கொண்டுவராம இந்த வீட்டை விட்டு நான் போகமாட்டேன் அண்ணி.”

ஜீப் கிளம்பியது. பாப்பா தெருமுனை வரை கத்திக்கொண்டே ஓடினாள்.

*

மறுநாள்.

போலீஸ்காரர்கள் அளந்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். தரையைத் தங்கையே கழுவினாள். எவ்வளவு கழுவியும் கை ஓயவில்லை.

நிமிர்ந்தபோது கயிற்றில் அந்த ஃபிலிம்.

இப்போது காய்ந்திருந்தது.

அண்ணனின் கடைசி ஃபிலிம். கல்யாண வீடுகளுக்கு டிஜிட்டல் கேமராதான். அது வயிற்றுக்கு. இது மனசுக்கு. இதில் பாப்பாவைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். ஊஞ்சலில் பாப்பா. கருப்பு வெள்ளையாக, வெள்ளை கருப்பாக, தலைகீழாய் மாறிய நெகடிவ் பாப்பா.

அவள் கன்னத்தில் ஒரு வட்டம்.

தங்கை கண்ணைச் சுருக்கினாள்.

அடுத்த படம். அதிலும் வட்டங்கள். சுண்ணாம்பு தடவினாற்போல வெளுத்த, சின்னச் சின்ன வட்டங்கள். நடுவே ஒரு நீளக்கோடு, தண்ணீர் வழிந்த தடம்.

அதற்கடுத்த படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

அண்ணன் ஃபிலிமிலா?

இருக்கவே முடியாது!

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஃபிலிம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அண்ணனை அதைவிட நன்றாகத் தெரியும். ஃபோனை எடுத்தாள்.

“மேடம், அந்த ஃபிலிமை நீங்க பார்க்கணும்.”

“பார்த்தேனே. சொட்டுச்சு.”

“சொட்டினப்ப ஒண்ணும் தெரியாது மேடம். காஞ்சாதான் தெரியும். இதுல குழாய்த்தண்ணி பட்டிருக்கு.”

“குளியலறைல குழாய்த்தண்ணி படாம என்ன படும்?”

“எங்க அண்ணன் கடைசிக் கழுவலுக்குக் குழாய்த்தண்ணியைத் தொடமாட்டார். இங்க வர்ற தண்ணி உப்பு. சொட்டு நின்ன இடத்துல தண்ணி போயிடும், உப்பு தங்கிடும். அதுதான் வட்டம். அண்ணன் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்லதான் கடைசியா முக்குவார். அவர் கையால மாட்டின ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருக்கும்.”

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

“அவர் சுத்தமாத்தான் மாட்டியிருக்கார் மேடம். அது காஞ்சும் போச்சு. அதுக்கப்புறம் யாரோ ஒரு மக் தண்ணியைப் பிடிச்சு அது மேல ஊத்தியிருக்காங்க. இப்பதான் மாட்டின மாதிரி தெரியட்டும்னு.”

“டீச்சரே ஊத்தியிருக்கலாம்.”

“எதுக்கு மேடம்? ஃபிலிம் ஈரமா இருந்ததாலதானே அவங்க மாட்டிக்கிட்டாங்க. அது காஞ்சே இருந்திருந்தா, அண்ணன் மதியமே போயிட்டார்னு ஆகியிருக்கும். மதியம் அண்ணி க்ளாஸ்ல இருந்தாங்க. ஸ்கூலே சாட்சி. தன் கழுத்துக்குத் தானே யாராவது கயிறு திரிப்பாங்களா?”

மறுமுனையில் பேனா நின்றது.

“காலைல வரேன்,” என்றாள் இன்ஸ்பெக்டர். “அதைத் தொடாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ரெப். தோளில் தூங்கிப்போன பாப்பா.

“யாருகிட்ட பேசின?”

யாரிடமும் மூச்சு விடாதே என்றாள் இன்ஸ்பெக்டர். ஆனால் இவன் யாரோ இல்லையே. புருஷன். நேற்றிலிருந்து கூடவே அலைகிறவன். வக்கீல் பார்த்தது இவன். அண்ணிக்கு மாற்றுத்துணி கொண்டுபோய்க் கொடுத்தது இவன்.

அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“வட்டமா? எங்க காட்டு.”

காட்டினாள்.

“ஆமா... இருக்கே.” ரெப் குனிந்து உற்றுப் பார்த்தான். “இத்தனை நாள் மச்சான் பேசினப்பல்லாம் நான் பாதியில தூங்கிட்டேன் போல. ஒரு சொட்டுத் தண்ணிக்கா இவ்வளவு?”

“அவருக்கு அதுதாங்க எல்லாம். டிஸ்டில்டு வாட்டர்ல அந்தச் சின்ன பாட்டில் மருந்து ஒரே ஒரு சொட்டு விடணும். கூட விட்டா நுரைக்கும். அந்த மருந்து இருந்தா தண்ணி முத்து முத்தா நிக்காம, படலமா வழிஞ்சு ஓடிடும். விரலாலயோ துணியாலயோ வழிக்கவே கூடாது, கீறல் விழும். அப்புறம் நேரா தொங்கவிடாம கொஞ்சம் சாய்ச்சுக் கட்டி, கீழ கனமா ஒரு க்ளிப் போடணும். தண்ணியெல்லாம் ஒரு ஓரமா இறங்கிடும், படத்து மேல நிக்காது.”

“அடேங்கப்பா.”

“இப்பவும் எனக்குக் கை பரபரங்குது. அதே மாதிரி திரும்பக் கழுவிப் போட்டா வட்டம் எல்லாம் போயிடும். பாப்பா முகத்துல கறையோட பார்க்கவே முடியலை.”

“பைத்தியமா நீ? அதைத் தொடாத,” என்றான் ரெப். “உங்க அண்ணி வெளியில வர்றதே அந்தக் கறையாலதான். போலீஸ் வந்து பார்க்கட்டும். நீ சாப்பிடவே இல்ல, முதல்ல சாப்பிடு. நான் போய் பாப்பாவுக்குப் பால் வாங்கிட்டு வரேன்.”

அவன் தெருவில் இறங்கியதும் ஃபோனில் இன்ஸ்பெக்டரின் செய்தி.

‘எதுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க.’

எடுத்தாள். அனுப்பினாள். பாப்பா எழுந்துகொண்டு அம்மா வேண்டும் என்று அழுததில், அதைப் பிறகு மறந்தே போனாள்.

*

காலை.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். அண்ணனின் மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். ஃபிலிமை நுனியிலிருந்து நுனி வரை பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“எங்கம்மா வட்டம்?”

தங்கை எட்டிப் பார்த்தாள்.

ஊஞ்சலில் பாப்பா. கன்னம் பளிச்சென்று இருந்தது.

அடுத்த படம். பளிச்!

அதற்கடுத்தது. பளிச்!

கறை இல்லை. கோடு இல்லை. தூசி கூட இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

“இருந்தது மேடம்... நேத்து என் கண்ணால பார்த்தேன்...”

ரெப் அவள் தோளில் கை வைத்தான்.

“மன்னிச்சுக்குங்க மேடம். நேத்து பூரா அழுதுட்டே இருந்தா. கண்ணுல தண்ணியோட பார்த்தா எல்லாத்துலயும் வட்டம் தெரியத்தான் செய்யும். பாவம், அண்ணியை எப்படியாவது வெளியில கொண்டுவரணும்னு துடிக்கறா.”

“நியாயம்தான்,” என்றாள் இன்ஸ்பெக்டர்.

பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அதில் ஒரு படத்தைப் பெரிதாக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஊஞ்சலில் பாப்பா. கன்னத்தில் வட்டம்.

“என் ஃபோனும் அழுதுட்டு இருந்திருக்கும்னு சொல்றீங்களா சார்?”

ரெப்பின் கை, மனைவியின் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

“நேத்து இருந்த கறை இன்னைக்கு இல்ல. தானா போற கறை இல்லைன்னு இந்தம்மா சொல்லியிருக்காங்க. வீட்டுல ராத்திரி எத்தனை பேரு?”

“மூணு பேர்,” என்றார் ஏட்டு.

“அதுல ஒருத்தருக்குக் கயிறு எட்டாது. இன்னொருத்தர் கறையைக் காட்டறதுக்குத்தான் என்னையே கூப்பிட்டார். மிச்சம்?”

தங்கை தன் புருஷனைப் பார்த்தாள்.

ஃபிலிமைப் பார்த்தாள். அது நேராகத் தொங்கவில்லை. கொஞ்சம் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. கீழே கனமாக ஒரு க்ளிப்!

“உங்ககிட்ட மட்டும்தானேங்க சொன்னேன்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“நான் சும்மா... நீ வருத்தப்பட்டியே, பாப்பா முகத்துல கறைன்னு... அதான் உனக்காக...”

“தொடாதன்னு சொன்னது நீங்க.”

“சார்,” என்று இடைமறித்தாள் இன்ஸ்பெக்டர். “அன்னைக்குக் கதவைத் திறந்து முதல்ல உள்ள போனது நீங்க. ஒரு மக் தண்ணி ஊத்திட்டு அலற எவ்வளவு நேரமாகும்? ஃபிலிம் கொஞ்ச நேரம்தான் சொட்டும்னு எனக்குப் பாடம் எடுத்ததும் நீங்க. மதியம் டாக்டர்களைப் பார்க்கப் போனதா அன்னைக்கு ஏட்டுகிட்ட சொன்னீங்களே. எந்த டாக்டர்? பேரு சொல்லுங்க, இப்பவே கேட்டுடலாம்.”

ரெப் வாயைத் திறந்தான். மூடினான். ஊரில் இருக்கும் அத்தனை டாக்டர்களும் தெரிந்தவனுக்கு ஒரு பெயர்கூட வரவில்லை.

குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“தள்ளினேன். அவ்வளவுதான். சாகணும்னு தள்ளலை. ஈரத் தரை... கால் வழுக்கி...”

“ஏன்?” என்று கேட்டது தங்கைதான்.

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“போன வாரம் வெளியூர்ல ஒரு பிறந்தநாள். வர வேண்டிய ஃபோட்டோகிராஃபருக்குக் காய்ச்சல். பதிலுக்கு உங்க அண்ணன் வந்தாரு... ‘அப்பா, அம்மா ரெண்டு பேரும் குழந்தைகிட்ட வந்து நில்லுங்க’ன்னு கேமராவைத் தூக்கினாரு.”

வாசற்படியை விரலால் தேய்த்தான்.

“அந்த அப்பா நான்தான்.”

எங்கோ பாப்பா ஒரு தட்டைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு டூர் பைகள் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில், அவள் துவைத்து மடித்து அடுக்கிக் கொடுத்த பைகள்.

“நீயே அவகிட்ட சொல்லிடு, இல்ல நான் சொல்லுவேன்னாரு. அன்னைக்கு மதியம் இங்க வந்து, கொஞ்ச நாள் பொறுங்க மச்சான்னு காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். காதுலயே வாங்கலை. ஃபிலிமைக் கழட்டப் போறேன், நகருன்னாரு. கோவத்துல தள்ளிட்டேன். சத்தியமா அவ்வளவுதான்.”

“அதுவும் கோவத்துலதானா?” என்றாள் தங்கை.

“எது?”

“நாலு வயசுக் குழந்தையோட அம்மாவை ஜீப்புல ஏத்திவிட்டீங்களே. அதுவும் கோவத்துல தள்ளினதுதானா?”



ஏட்டு அவன் கையைப் பிடித்து எழுப்பினார். விலங்கு மாட்டும் சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

“டீச்சரை அனுப்பச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஃபோன் போடுங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர். “மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கணும்.”

பிறகு ஃபிலிமைக் கழற்றி, கவரில் போடப் போனவள் ஒரு நொடி நின்றாள். வெளிச்சத்தில் தூக்கி இன்னொரு முறை பார்த்தாள்.

“எத்தனையோ தடயத்தை அழிச்சவங்களைப் பார்த்திருக்கேன்மா. இவ்வளவு சுத்தமா, ஒரு பொட்டு பிசகாம அழிச்சவனைப் பார்த்ததில்ல.”

தங்கை வாசலைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தான் புருஷன்.

“கல்யாணமான நாள்ல இருந்து,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் சொன்னதை முழுசா காதுல வாங்கி, ஒண்ணு விடாம அப்படியே அவர் செஞ்சது இதுதான் மேடம் முதல் தடவை.”